உதவிக்கு வரும் அப்பா

அப்பாக்களில் பல வகை உண்டு. தொண்டையைச் செருமியே பிள்ளை வளர்க்கிற அப்பா, மதிப்பெண் பட்டியல் வருகிற அன்று மட்டும் வீட்டில் தென்படுகிற அப்பா, பிள்ளையோடு சேர்ந்து பந்தடித்து ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டுப் பிள்ளையைக் கைகாட்டுகிற அப்பா, தான் சின்ன வயதில் பட்ட கஷ்டத்தையெல்லாம் அடுத்தவர் வாயில் கவளம் இருக்கும்போது மட்டும் சொல்கிற அப்பா என்று நீங்களும் நிறையப் பேரைப் பார்த்திருப்பீர்கள். இவர்களால் பெரிய ஆபத்தில்லை. ஒதுங்கிக்கொள்ளலாம். ஒதுங்கவே முடியாத வகை ஒன்று இருக்கிறது. அதுதான் வீட்டு வேலையில் உதவி செய்கிற அப்பா.

நல்ல மனுஷனாயிற்றே, அவரைப் போய் ஏன் இழுக்கிறாய் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போது இவருக்கும் மற்ற அப்பாக்களுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. எழுந்திருக்கும்போதுதான் தெரியும். மற்றவர்கள் எழுந்தால் எழுந்தார்கள், அவ்வளவுதான். இவர் எழுந்தால் அறிவிப்பு வரும். "இன்னிக்கு சமையல் நான்." சொல்லிவிட்டு ஒரு கணம் நிற்பார். கைதட்டலுக்கு. அது வராவிட்டாலும் மனம் தளராமல் சட்டைக் கையை மடிக்க ஆரம்பிப்பார். மடிக்கிற தோரணையைப் பார்த்தால் கிணறு தோண்டப் போகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முட்டை வேகவைக்கத்தான் போகிறார்.

முட்டை வேகவைக்க என்ன வேண்டும்? உங்களுக்கும் எனக்கும் ஒரு முட்டை, ஒரு பாத்திரம், கொஞ்சம் தண்ணீர். அவருக்கோ பாத்திரம் எடுத்துக் கொடுக்க ஒருவர், அது சின்னதாக இருக்கிறது என்று வேறொன்று எடுத்துக் கொடுக்க அதே ஒருவர், அடுப்பு பற்றவில்லை என்றால் ஓடிவர ஒருவர், வெந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துச் சொல்ல ஒருவர், ஓட்டைக் குப்பையில் போட ஒருவர், கடைசியில் சாப்பிட்டுவிட்டு "பிரமாதம்" என்று சொல்ல ஒருவர். எல்லாம் முடிந்து அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது கழுவுகிற தொட்டியில் ஒன்பது பாத்திரம் கிடக்கும். முட்டை மூன்று.

அதைவிட முக்கியமானது அவருடைய கேள்வி. இந்த இனத்தை இருட்டிலும் அடையாளம் காட்டிக்கொடுக்கிற ஒரே கேள்வி. "எங்க இருக்கு?"

உப்பு எங்க இருக்கு. கத்தி எங்க இருக்கு. துடைக்கிற துணி எங்க இருக்கு. நேற்று அவர் கையாலேயே வைத்த கத்தரிக்கோல் எங்க இருக்கு. பத்தொன்பது வருஷமாக ஒரே வீடு, ஒரே சமையலறை, நீளவாக்கில் ஆறு காலடி, அகலவாக்கில் நாலு. அதற்குள் ஒரு உப்பு டப்பா எவ்வளவு தூரம்தான் ஓடிவிட முடியும்?

நாம் பார்க்கப் போகிற அப்பாவின் உத்தியோகத்தைக் கேட்டால் உங்களுக்கு வயிறெரியும். அவர் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகக் கிடங்குக்குப் பொறுப்பாளர். நாலாயிரத்துச் சொச்சம் சாமான். தூங்கிக்கொண்டிருப்பவரை உலுக்கி, "முக்கால் இன்ச் பித்தளை வாஷர்" என்றால், கண்ணைத் திறக்காமலே "பதினாலாம் ரேக், கீழயிருந்து மூணாம் தட்டு, நீல டப்பா" என்பார். நீல டப்பாவில்தான் இருக்கும். அங்கே எல்லோரும் அவரிடம் கேட்பார்கள். அவர் யாரிடமும் கேட்டதில்லை. அந்த மூளையை வீட்டுக்கு வந்ததும் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிடுவார். மறுநாள் காலை கவனமாக மாட்டிக்கொண்டு போவார்.

இவருக்கு ஒரு மகள். பதினாறு வயது. வீட்டில் அவளைக் குட்டிச்சாத்தான் என்றுதான் கூப்பிடுவார்கள். சும்மா வரவில்லை அந்தப் பட்டம். டிவி ரிமோட்டின் மூக்கில் கண்ணுக்குத் தெரியாமல் டேப் ஒட்டி, அப்பா மூன்று முறை பேட்டரி மாற்றுகிற வரை பக்கத்தில் உட்கார்ந்து அனுதாபப்பட்டவள். பள்ளிக்கூடப் பாடங்களில் அவள் தேறியது கொஞ்சம். அப்பா என்கிற பாடத்தில் மட்டும் நூற்றுக்கு நூறு. அவர் சட்டைக் கை மடிப்பதை அப்படியே செய்து காட்டுவாள். "சொல்லியிருந்தா நான் செஞ்சிருப்பேனே" என்பதை அவர் குரலிலேயே சொல்வாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரித்துவிட்டு, "போதும், அப்பா பாவம்" என்பாள். யார் பாவம் என்பதில்தான் மகளுக்குச் சந்தேகம்.

அம்மாவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. பதினோரு வருஷமாக ஆவி பறக்கிற இஸ்திரி மெஷின் முன்னால் நின்று ஒரு நாளைக்கு அறுநூறு படுக்கை விரிப்பு மடிக்கிறாள். ஷிப்ட் பொறுப்பாளராகப் போனால் நாற்காலி உண்டு, மேஜை உண்டு, முட்டிவலி குறையும். அதற்கு ஐந்து நாள் வெளியூரில் தங்கிப் பயிற்சி எடுத்து, கடைசி நாள் தேர்வு எழுத வேண்டும். இரண்டு முறை கூப்பிட்டார்கள், இரண்டு முறையும் அம்மா போகவில்லை. முதல் முறை மகளுக்கு எட்டு வயது. அப்பாவுக்குத் தலைபின்ன வராது என்பது காரணம். வீட்டில் சீப்பு இருந்தது, ரிப்பன் இருந்தது, அப்பாவுக்கு இரண்டு கைகளும் இருந்தன. ஆனாலும் வராது. இரண்டாம் முறை, மூன்று வருஷத்துக்கு முன்னால், அம்மா கிளம்ப வேண்டிய நாளுக்கு முதல் நாள் அப்பா மாடிப்படியில் சறுக்கிவிட்டார். மூன்று வாரம் நொண்டினார்.

இப்போது மூன்றாவது கடிதம் வந்தது. அதைக் கையில் கொடுத்த அதிகாரி, "இதுதான் கடைசி. இந்தத் தடவையும் இல்லன்னா உங்க பேர லிஸ்ட்ல இருந்தே எடுத்துடுவோம்மா" என்று சொல்லியிருந்தார்.

"போயிட்டு வா," என்றார் அப்பா, பெருந்தன்மையாக. "நான் அஞ்சு நாளும் லீவு போட்டுடறேன். வீட்ட நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்குவீங்க," என்றாள் மகள். "சோபாவுல இருந்து பாத்தா எல்லாமே தெரியும்."

"ஏய் குட்டிச்சாத்தான். நான் இல்லாம இந்த வீடு நடக்குமா?"

"அது தெரியாதுப்பா. அம்மா இல்லாம நடக்குமான்னுதான் இப்ப பாக்கப் போறோம்."

அம்மா பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாள். "வகுப்புல போன் அடிச்சா ரொம்பக் கோவப்படுவாங்களாம். யாரும் கூப்பிடாதீங்க. ரொம்ப முடியலன்னா மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்க." பயிற்சி நிலையத்து ஆபீஸ் நம்பரை ஒரு தாளில் எழுதி, 'உயிர் போற அவசரத்துக்கு மட்டும்' என்று அடிக்கோடு போட்டு பிரிட்ஜில் ஒட்டினாள்.

அம்மா செய்த தவறு அந்த 'ரொம்ப முடியலன்னா'. அப்பாவுக்கு எது முடியாது என்பதற்கு எல்லை உண்டா? உப்பைக் கண்டுபிடிக்க முடியாது. அது ரொம்ப முடியாது.

மகளுக்கு இது முன்னாலேயே தெரிந்திருந்தது. அம்மாவை ரயிலேற்றிவிட்டு வந்த அன்றே, அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய போனை எடுத்தாள். அம்மாவின் நம்பரை அவர் அதில் 'வீடு' என்றுதான் பதிந்து வைத்திருந்தார். பெயர் போடவில்லை. அவரைப் பொறுத்தவரை வீடு என்றால் கூப்பிட்டதும் எடுக்க வேண்டும், கேட்டதும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த 'வீடு' என்பதற்கு நேரே இருந்த நம்பரை அழித்துவிட்டு வேறொரு நம்பரை அடித்தாள். அலமாரியில் கிடந்த பழைய போனின் நம்பர். அந்தப் போனைத் தன் அறையில் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். இனி அப்பா அம்மாவுக்கு எழுதுவதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து விழும். அம்மா நிம்மதியாகப் படிப்பாள்.

மகளுக்குப் பள்ளி விடுமுறை. முதல் நாள் காலை ஏழு மணிக்கே வந்து விழ ஆரம்பித்தது.

'உப்பு எங்க?'

சமையலறையில் அவர் பெருமூச்சு விடுவது சுவர் வழியாகவே கேட்டது. மகள் படுத்தபடி அடித்தாள். 'அடுப்புக்கு மேல் தட்டு.'

'இல்ல.'

'உங்க மூக்குக்கு நேரா.'

டப்பா ஒன்று நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, 'ஆமா.'

அம்மா என்றைக்கும் மூக்கை இழுத்துப் பேசமாட்டாள் என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்த பதில்களில் அடக்கி வாசித்தாள். ரொட்டி எங்க, வடிகட்டி எங்க, என் சாம்பல் கலர் சாக்ஸ் எங்க, அதோட ஜோடி எங்க என்று மத்தியானத்துக்குள் பதினாறு. அப்பா போனை மகளிடமே கொண்டு வந்து காட்டினார்.

"பாத்தியா உங்கம்மாவ? அத்தன வேலையிலயும் ஒரு நிமிஷத்துல பதில் போடறா."

"ஆமாப்பா," என்றாள் மகள், முகத்தை நேராக வைத்துக்கொண்டு. "பக்கத்துலயே இருக்கற மாதிரி இருக்கு."

இத்தோடு விட்டிருந்தால் இது ஒரு நல்ல குறும்பாக முடிந்திருக்கும். ஆனால் இரண்டாம் நாள் அப்பா, 'பிரஷர் மாத்திரை அரையா முழுசா?' என்று கேட்டார்.

அரையா? முழுசா? மகள் எழுந்து உட்கார்ந்தாள். வருஷக்கணக்கில் அம்மா அந்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பதை தினமும் பார்த்திருக்கிறாள். பார்த்தது மட்டும்தான். மாத்திரை விஷயத்தில் விளையாடலாமா? தன் போனை எடுத்து அம்மாவுக்கு எழுதினாள். 'சாரிம்மா. ஒரே ஒரு கேள்வி. அப்பா மாத்திரை அரையா முழுசா?' பதில் வந்தது. அதை அப்படியே அப்பாவுக்குத் தள்ளினாள்.

பிறகு வாஷிங் மெஷினுக்கு எந்தப் பொடி என்று வந்தது. பொடி இரண்டு இருந்தது. குப்பை வண்டி எந்தக் கிழமை வரும், தண்ணீர் வடிகட்டியில் ஏன் சிவப்பு விளக்கு எரிகிறது, கேஸ் தீர்ந்தால் யாரைக் கூப்பிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் மறக்காமல் 'சாரிம்மா' போட்டாள். அப்பா கேட்பது வேறு, தான் கேட்பது வேறு என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. அப்பாவுடையது சோம்பேறித்தனம். இவளுடையது பொறுப்பு. இவள் மரியாதையாகக் கேட்கிறாள், சுருக்கமாகக் கேட்கிறாள், ஒரே ஒரு கேள்வி என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா எழுதினாள்.

'இன்னிக்கு ரெண்டு தடவ போன பாத்தேன்னு எல்லார் முன்னாடியும் எழுப்பி நிக்க வச்சுட்டாங்க. இன்னொரு தடவன்னா பேர அடிச்சுடுவாங்களாம். அப்பாகிட்ட சொல்லு கண்ணு, இனிமே எதுவும் கேக்க வேணாம்னு.'

மகளுக்குக் காது சுட்டது. எழுந்து நிற்கிற வயதா அம்மாவுக்கு? நாற்பத்து மூன்று. அந்த வயதில், அத்தனை பேர் முன்னால், பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல எழுந்து நின்றிருக்கிறாள். மகள் பற்களைக் கடித்துக்கொண்டு, எத்தனை தடவைதான் இந்த மனிதர் கேட்டுத் தொலைத்தார் என்று பார்க்கத் தன் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பதின்மூன்று கேள்விகள். அப்பா அனுப்பியது ஒன்றுகூட அம்மாவுக்குப் போகவில்லை. அதற்குத்தானே நம்பரையே மாற்றியது. பதின்மூன்றும் இவள் அனுப்பியவை.

அதை அவள் இரண்டு முறை எண்ணினாள். எண்ணிக்கை மாறவில்லை.

அன்று மாலை தலையணைக்கடியிலிருந்த போன் நடுங்கியது. இந்தத் தடவை கேள்வி இல்லை.

'ஒண்ணும் கேக்க இல்ல. சொல்லணும். போன தடவ நீ கெளம்பறப்ப என் கால் அவ்வளவு மோசமா இல்ல. ரெண்டு நாள்ல வீக்கம் எறங்கிடுச்சு. நீ இல்லாம எப்படின்னு பயந்துட்டேன். இத நேர்ல சொல்ல வரல.'

மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் வெந்நீர்ப் பையைச் சுமந்தவள் யார்? அப்போது பதின்மூன்று வயதான இவள். தலையணையை உயர்த்தி வை என்றார், வைத்தாள். கொஞ்சம் இறக்கு என்றார், இறக்கினாள். அம்மா போகாமல் போன அந்தப் பயிற்சிக்குப் போய்வந்த பெண் இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அம்மா அவள் எதிரில் நின்று விரிப்பு மடிக்கிறாள். மகள் வேகமாக அடித்தாள், அழித்தாள். அடித்தாள், அழித்தாள். எழுதியதில் எதுவும் அம்மா எழுதுகிற மாதிரி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் வரவில்லை. தட்டு வைக்கிற சத்தம்கூட இல்லை.

கடைசியில், 'சாப்பிட்டீங்களா?' என்று மட்டும் அனுப்பினாள்.

'சாப்பிட்டேன்' என்று பதில் வந்தது. பொய். அவள் எழுந்து போய் ரொட்டியைச் சுட்டு ஒரு தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டு வந்தாள். கொஞ்சம் கருக்கித்தான் வைத்தாள்.

நான்காம் நாளிலிருந்து 'வீடு' இடம் சொல்வதை நிறுத்திவிட்டது. 'துடைக்கிற துணி எங்க?' என்றால் 'தேடுங்க.' 'எங்க தேடறது?' என்றால் 'வீட்டுக்குள்ள.' அப்பா போனை வைத்துவிட்டு நின்றார். வேறு வழியில்லாமல் தேடினார். உலகத்தில் எத்தனையோ பேர் புதுத் தேசங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். துடைக்கிற துணியைக் கண்டுபிடித்த அவருடைய முகத்தில் இருந்த பெருமிதம் அவர்களுக்கும் இருந்திருக்காது. "இங்கதான் இருக்கு" என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அது எப்போதும் அங்கேதான் இருந்தது.

இந்த வெற்றிதான் ஐந்தாம் நாளைக் கெடுத்தது.

தேர்வு காலை பத்து மணிக்கு. அம்மா மாலை ரயிலில் கிளம்பி வந்துவிடுவாள். வருகிறபோது வீடு பளபளவென்று இருக்க வேண்டும் என்று அப்பா தீர்மானித்தார். சட்டைக் கை மடிந்தது. பெருக்கலாம், துடைக்கலாம், கழுவாத பாத்திரம் மலையாகக் கிடக்கிறது, அதைக் கழுவலாம். ஆனால் உதவி செய்கிற அப்பா என்றைக்கும் கண்ணுக்குத் தெரிகிற வேலையைத் தொடமாட்டார். அம்மாவே பத்து வருஷமாகச் செய்யாத ஒரு வேலையாகத் தேடிப்பிடிப்பார். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கூட்டப் போனார். இரண்டு கையாலும் மெஷினைக் கட்டிப்பிடித்து முன்னால் இழுத்தார். மெஷின் வந்தது. அதோடு குழாயும் வந்தது. சுவரில் இருந்த குழாய்த் திருகு கழுத்தோடு முறிந்து, தண்ணீர் பீறிட்டுக்கொண்டு எதிர்ச் சுவரில் அடித்தது.

மகள் ஓடிவந்தாள். அப்பா முழுக்க நனைந்து, உடைந்த துண்டைக் கையில் வைத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

"அரை இன்ச்சு. பிளாஸ்டிக்கு. பித்தள போட்டிருக்கணும்."

"அத அப்புறம் பாக்கலாம். மெயின் வால்வ மூடுங்கப்பா."

"மூடணும். எங்க இருக்கு?"

மகள் மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே இல்லை. அவளுக்கும் தெரியாது.

அப்பா ஈரக்கையோடு போனை எடுத்து 'வீடு' என்பதைத் தட்டினார். மகளின் பாவாடைப் பையில் பழைய போன் நடுங்க ஆரம்பித்தது. தண்ணீர் சத்தத்திலும் அது தெளிவாகக் கேட்டது. அப்பா அழைப்பை நிறுத்தினார், அது நின்றது. மறுபடி தட்டினார், அது நடுங்கியது.

"என்ன அது?"

"நான்தான்," என்றாள் மகள்.

"எது நீ?"

"எல்லாம்."

"உப்பு?"

"நான்தான்."

"மூக்குக்கு நேரா?"

"அதும்."

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. அவர் முகத்தில் ஏதோ கணக்கு ஓடி, ஓரிடத்தில் வந்து நின்றது. "அந்தக் கால் விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"எந்தக் கால்?" என்றாள் மகள், மெஷினைப் பார்த்துக்கொண்டு. "அப்படி எதுவும் எனக்கு வரல. நீங்க அம்மாகிட்டயே சொல்லுங்க."

அவர் நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். பிறகு பிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்தெடுத்து அந்த நம்பரை அடித்தார்.

"அப்பா, வேணாம். மணி பத்தேகால்."

"வரச் சொல்லப் போறதில்ல. எங்க இருக்குன்னு மட்டும் கேட்டுட்டு வச்சுடறேன். ஒரே ஒரு கேள்வி."

அந்த ஒரே ஒரு கேள்வி மகளைச் சுருக்கென்று குத்தியது. "கேட்டா எழுந்து வந்துடும்பா," என்றாள். "எழுதறத அப்படியே விட்டுட்டு வந்துடும். அம்மா வராம இருக்காது. அதான் பிரச்சினையே."

அதற்குள் மறுமுனையில் யாரோ எடுத்துவிட்டார்கள். "பயிற்சி நிலையம், சொல்லுங்க," என்று ஒரு குரல். அப்பா மகளைப் பார்த்தார். காலடியில் மிதந்துபோன தன் சாம்பல் சாக்ஸைப் பார்த்தார்.

"மன்னிக்கணும். நம்பர் மாறிப்போச்சு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பத்தொன்பது வருஷத்தில் அவர் அந்த வீட்டுக்குச் செய்த முதல் உதவி அதுதான். அதற்கு முன் அறிவிப்பு வரவில்லை, பின்னால் யாரும் பாராட்டவும் இல்லை.

வால்வு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அப்பா குளியலறையில் தேடினார், மகள் பால்கனியில் தேடினாள். வாசல் கதவு இடிபட்டது. கீழ்வீட்டுத் தையல்காரர், தோளில் அளவு நாடாவோடு நின்றார்.

"அண்ணே, எங்க வீட்ல மழை. மெஷின் மேலயே கொட்டுது. வால்வ மூடக் கூடாதா?"

"எங்க இருக்குன்னு தெரியலப்பா."

"உங்க வீட்டு வால்வு உங்களுக்குத் தெரியாதா?" தையல்காரர் சிரித்தே விட்டார். "நல்ல ஆளுண்ணே நீங்க."

"உங்க வீட்ல எங்க இருக்கு?" என்றாள் மகள். "ரெண்டு வீடும் ஒரே மாதிரிதான கட்டியிருக்காங்க?"

தையல்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. மாடிப்படிக் கைப்பிடியில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்து, "ஏம்மா," என்று குரல் கொடுத்தார். "நம்ம வீட்ல தண்ணி வால்வு எங்க இருக்கு?"

கீழேயிருந்து, வாளியால் தண்ணீர் மொள்கிற சத்தத்துக்கு நடுவில், ஒரு பெண் குரல் சலிப்பாக வந்தது. "கழுவற தொட்டிக்குக் கீழ. இடது மூலைல. பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னாடி. போன மாசமும் இதத்தான கேட்டீங்க?"

ஆக அம்மாவின் தேர்வைக் காப்பாற்றியது இன்னொருத்தர் வீட்டு அம்மா.

அப்பா மல்லாக்கப் படுத்து, தொட்டிக்கடியில் தலையை நுழைத்து, பேப்பர் கட்டை இழுத்துப்போட்டு வால்வை மூடினார். தண்ணீர் நின்றது. தையல்காரர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு கீழே போய்விட்டார். அப்புறம் அப்பாவும் மகளும் முறத்தால் அள்ளி, துணியால் ஒற்றி, பிழிந்து, மறுபடி ஒற்றி, மூன்று மணி வரை நிமிரவில்லை. வாளி எங்கே என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டாலும் சொல்ல ஆளில்லை.

நாலு மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து அம்மா மகளின் போனுக்குக் கூப்பிட்டாள். "எழுதிட்டேன் கண்ணு. எல்லாத்துக்கும் எழுதிட்டேன். அங்க ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

அப்பா போனை வாங்கிக்கொண்டார். "ஒரு பிரச்சினையும் இல்ல. எல்லாம் நானே பாத்துக்கிட்டேன்."

பதின்மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து உத்தரவு வந்தது. அம்மாவுக்கு நாற்காலி கிடைத்தது. கால் விஷயத்தை அப்பா எப்போது சொன்னார் என்று மகளுக்குத் தெரியாது. ஒருநாள் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா, "முதல் வாரம் வலது கால்ல நொண்டுனீங்க, ரெண்டாவது வாரம் இடது கால்ல. அப்பவே தெரியும்," என்று சொல்வது மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு அம்மா சிரிக்கவில்லை. அப்பாவும் வெளியே வர ரொம்ப நேரமாயிற்று.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? இந்த இனம் திருந்தாது, தினுசு மாறும். இப்போதெல்லாம் அவர் எங்க இருக்கு என்று கேட்பதில்லை. தானே தேடி எடுத்துவிட்டு, "நானே எடுத்துட்டேன்" என்று மூன்று அறைக்கும் கேட்கிற மாதிரி அறிவிக்கிறார். வால்வை மூடிய கதையைக் கிடங்கில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்; அதில் தையல்காரர் வருகிறார், அவர் மனைவி வருவதில்லை. மகளோ, அம்மா இல்லாத ஐந்து நாளும் வீட்டைத் தாங்கிய பொறுப்பான பெண் என்று தெரு முழுக்கப் பேர் வாங்கிவிட்டாள். அந்தப் பதின்மூன்று கேள்விகளைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்பாவைப் போலச் செய்து காட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். செய்யும்போது அவர் சட்டைக் கை அவளுக்கு அளவுக்கு மீறிப் பொருந்துகிறதாம்.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். நம் வீட்டில் அப்படியெல்லாம் இல்லை என்றும் நினைத்திருப்பீர்கள். நல்லது. ஆனால் இதைப் படித்து முடிக்க உங்களுக்கு உட்கார்ந்த இடத்தில் கால் மணி நேரம் கிடைத்திருக்கிறதே, அதை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்? காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறதா?

தயவுசெய்து, எழுந்து போய், "ஏதாவது உதவி வேணுமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.